சுப்பவைசரின் ஆங்கிலம்

கனடாவில், பிறம்ரனில் நான் வேலை செய்த பாண் ரொட்டித் தொழிற்சாலையில் ஒருவருடைய விரல் நுனி போனது. அடுத்த கிழமையே, மெஷினில் நிற்கிற எல்லோருக்கும் பாதுகாப்புச் சோதனை என்று அறிவித்தார்கள். எழுத்துச் சோதனை இல்லை. வெளியிலிருந்து ஒருவர் வருவார். மெஷினுக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் கேட்பார். சொல்லியும் செய்து காட்டியும் பதில் கொடுக்க வேண்டும். சோதனை நடக்கும்போது வேறு மொழி பேசக்கூடாது. தேறாதவர்கள் மெஷினை விட்டு இரவுத் துப்புரவு வேலைக்குப் போக வேண்டும்.

எனக்கு அதில் ஒன்றும் இல்லை. நான் ஏஜென்சி அனுப்பிய தற்காலிக ஆள். பாண் வெட்டும் மெஷினின் வால் பக்கம் நின்று தட்டு அடுக்குகிறவன். என்னை யாரும் சோதிக்கப் போவதில்லை. இரவு வேலைக்கு அனுப்பினாலும் போவேன். வோபர்னில் நான் இருந்த பேஸ்மென்ற் அறை பகலிலும் இருட்டுத்தான்.

வெசீனாவுக்கு அப்படியில்லை.

வெசீனா அவருடைய பெயர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரியை ஸ்பானிஷில் அப்படிச் சொல்வார்கள். எங்கள் வீதியின் முனையில் உள்ள உயரமான கட்டடத்தில் அவர் இருந்தார். எக்குவடோர்க்காரி. என்னைவிடக் கொஞ்சம் வயது கூட. பாண் வெட்டும் மெஷினை ஓட்டுவது அவர்தான். வீட்டில் நாலாம் வகுப்புப் படிக்கிற மகள் ஒருத்தி, வேறு யாரும் இல்லை. விடிய வேலைக்கு வெளிக்கிட்டால் பக்கத்துக் கதவுக்காரி பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுவாள். பள்ளி விட்டுப் பிள்ளை வந்து கொஞ்ச நேரத்தில் தாயும் வந்துவிடுவார். இரவு முழுக்கப் பார்த்துக்கொள்ளப் பக்கத்துக் கதவுக்காரி சம்மதிக்கமாட்டாள். அந்த வயதுப் பிள்ளையை இரவில் தனியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகவும் முடியாது. ஆக, சோதனையில் தவறினால் வெசீனாவுக்கு வேலை இல்லை.

எனக்கு ஸ்பானிஷ் வந்தது படித்து அல்ல. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, அல்லது நான் அதை விட்டேன். பிறகு கனடாவுக்கு வரும் வழியில் எக்குவடோர், கொலம்பியா, மெக்சிக்கோ என்று ஒவ்வொரு இடமாகச் சிக்கிக் கிடந்தேன். கீற்றோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன். மெக்சிக்கோவின் தெற்கு எல்லையில் தெருவோரத்தில் கைத்தொலைபேசி உறை விற்றேன். இடையில் மறியலிலும் இருந்தேன், கம்பிக்குப் பின்னால். மறியலில் மொழி கெதியாக வரும். அங்கே வேறு வேலை இல்லை.

இதையெல்லாம் அறிந்துதான் வெசீனா என்னிடம் வந்தார். அவர் ஸ்பானிஷில் சொன்னதை எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன்.

“எர்மானோ,” என்றார். சகோதரம் என்று அர்த்தம். “மெஷின் எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டும் ஓட்டுவன். ஆனா உந்த சுப்பவைசர் சத்தம் போடுற இங்கிலீசிலை எனக்குப் பாதிதான் விளங்குது. அகராதியிலை பாத்தன். கெற் எண்டால் பெறுறது எண்டு கிடக்கு. நாள் முழுக்க எதைப் பெறச் சொல்லுறான்?”

அவர் சொன்னது சரி. எங்கள் சுப்பவைசரின் ஆங்கிலம் முழுவதும் அந்த ஒரு வினைச்சொல்லில்தான் ஓடியது. காலையில் கெற் மூவிங். கை பிந்தினால் கெற் எ மூவ் ஒன். பழுதான பாண் வந்தால் கெற் ரிட் ஒஃப் இற். பாதையில் நின்றால் கெற் அவுட் ஒஃப் த வே. மெஷின் திருத்துகிறவர்களை அழைக்க வேண்டுமென்றால் கெற் ஹோல்ட் ஒஃப் மெயின்ரனன்ஸ். யாராவது தலையிடி என்று சொன்னால் கெற் ஓவர் இற். அவன் வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அவனிடம் மூச்சு மட்டும்தான் மிஞ்சும்.

ஸ்பானிஷில் ஏறுவதற்கு ஒரு சொல், இறங்குவதற்கு ஒரு சொல், தூக்கி எறிவதற்கு ஒரு சொல். ஒரே சொல்லைக் கொண்டு எல்லா வேலையும் வாங்குகிற ஆங்கிலம் அவர்களுக்குக் கள்ளத்தனமாகத் தெரிகிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. தமிழில் நாங்கள் பாய் போடுகிறோம், தேத்தண்ணீர் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். பாயையும் சண்டையையும் ஒரே சொல் சுமக்கிறது. யாரும் நின்று யோசிப்பதில்லை.

வெசீனாவுக்குத் தமிழைச் சொல்லி என்ன பயன்? அவருடைய மொழியிலேயே அப்படி ஒன்றைத் தேடினேன். எச்சார் அகப்பட்டது. எச்சார் என்றால் எறிவது, ஊற்றுவது. ஆனால் ஒருவர்மேல் குற்றம் சுமத்துவதற்கும் எச்சார்தான், கைகொடுத்து உதவுவதற்கும் எச்சார்தான், விம்மி அழத் தொடங்குவதற்கும் எச்சார்தான்.

“அழுகையை ஆராவது எறியிறதோ வெசீனா?”

அவர் யோசித்தார். பிறகு சிரித்தார். “ஓம், நாங்கள் எறியிறனாங்கள்.”

“அப்ப அவங்களும் பெறட்டும். தனிச் சொல்லைப் பிடிச்சு இழுக்காதேங்கோ. முழுசா விழுங்குங்கோ.”

எங்கள் வகுப்பு நடந்தது வேலைக்குப் போகிற வானுக்குள்; வெசீனாவும் அதில்தான் வருவார். ஏஜென்சி வான் விடியவே வோபர்னில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் ஆட்கள் ஃபோர்-ஓ-வண் என்று சொல்கிற அந்தப் பெருந்தெருவில் மேற்கே போகும். ஓட்டுகிறவர் மன்னார்ப் பக்கத்து அண்ணை ஒருவர். தொழிற்சாலைக்குப் போனதும் அவர்தான் ஃபோர்க்லிஃப்ற் ஓட்டுவார். கண்ணாடியில் செபமாலை தொங்கும். வாய் ஓயாது.

நான் சொல்லிக் கொடுத்த முறை எளிமையானது. சுப்பவைசர் சொல்கிற ஒவ்வொன்றையும் அவனைப் போலவே கத்துவேன். வெசீனா உடனே கையால் செய்து காட்ட வேண்டும். கெற் பாக் என்றால் சீற்றில் பின்னுக்குச் சாய வேண்டும். கெற் யுவர் ஹாண்ட்ஸ் அவுட் என்றால் இரண்டு கையும் மேலே. பிறகு அவர் கத்துவார், நான் செய்வேன். இரண்டு பேரும் கத்திக் கத்தி வானில் நித்திரை கொள்ள வந்தவர்களின் சாபத்தையும் வாங்கினோம்.

கெற் இன், கெற் ஒன் இரண்டிலும் வெசீனா தடக்கினார். காருக்கு ஒன்று, பஸ்ஸுக்கு மற்றது. ஸ்பானிஷில் இரண்டுக்கும் ஒரே ஏறுதல்தான்.

“வானுக்கு எது?” என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. “அண்ணை, வானுக்கு கெற் இன்னோ, கெற் ஒன்னோ?”

“ஏறினாச் சரி,” என்றார் அண்ணை. “இவ்வளவு காலமா ஓட்டுறன், ஒருத்தரும் இங்கிலீசு பிழையெண்டு றோட்டிலை நிண்டதில்லை.”

சோதனைக்கு ஒரு சில நாட்கள் இருந்தபோது வெசீனா முகம் வெளிறி வானில் ஏறினார். முதல்நாள் மாலை மகளுக்குக் காய்ச்சல். வோக்-இன் கிளினிக்கில் நெடுநேரம் காத்திருந்திருக்கிறார்கள். பிள்ளை மடியில் சுருண்டுவிட்டது. வெசீனா எழும்பிப்போய், வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம், தன்னால் முடிந்த அளவு பணிவாகச் சிரித்துக்கொண்டு, “கெற் எ மூவ் ஒன்,” என்று சொன்னாராம். தயவுசெய்து கொஞ்சம் கெதியாகப் பாருங்கள் என்று கேட்பதாக நினைப்பு. அந்தப் பெண் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தலைக் காட்டினாள். ஊழியர்களை அவமதித்தால் வெளியே அனுப்புவோம் என்று எழுதியிருந்தது. பிறகு அவர்களைக் கடைசி ஆளாகத்தான் கூப்பிட்டார்கள்.

அண்ணைக்கு இதை நான் தமிழில் சொன்னதும் அவர் ஸ்ரியறிங்கில் அடித்துச் சிரித்தார். “ஐயோ! கிளினிக்கிலை போய் சுப்பவைசர் வேலை பாத்திருக்கிறாள் மனிசி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் எல்லாம் யாரோ எங்களை ஏவியதும் அதட்டியதும்தான். எங்களிடம் எவரும் அந்த மொழியில் எதையும் கேட்டதில்லை. கேட்கிற ஆங்கிலம் வேறு மாதிரி இருக்கும் என்பதே எங்கள் தலையில் ஏறவில்லை. சோதனைக்கு வருகிறவர் அதட்டமாட்டார். அவர் கேட்பார்.

“அண்ணை, உங்கடை மகளைக் கேளுங்கோவன்,” என்றேன். மகள் இங்கே பிறந்தவள், கொலிஜில் படிக்கிறாள்.

அண்ணை சிவப்பு விளக்கில் நின்று, ஸ்பீக்கரில் அழைத்தார்.

“அப்பா? நான் பஸ்ஸிலை. வட் இஸ் இற்?”

“பிள்ளை, ஒராளைக் கெதியாச் செய்யச் சொல்லுறதுக்கு மரியாதையா என்ன சொல்லுறது?”

“ஆரிட்டைச் சொல்லுறியள்? இற் டிபெண்ட்ஸ். ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட்... அப்பிடி ஏதும் சொல்லலாம்.”

“வொண்டரிங்கோ? கெதியாச் செய் எண்டதுக்கு ஏனடி நான் ஆச்சரியப்படோணும்?”

“அப்பா, ஐ கான்ற். பை.”

அதுதான் எங்களுக்குக் கிடைத்த முழுப் பாடம். மிச்ச நாட்களில் அதை வைத்துக்கொண்டு நானும் வெசீனாவும் மெதுவான ஆங்கிலம் பழகினோம். எனக்கே சரியாகத் தெரியாததை நான் பழக்கினேன். வுட் யூ மைண்ட், குட் யூ பொசிப்ளி என்று நீட்டிக்கொண்டே போக வேண்டும். செய்ய வேண்டிய வேலை கடைசியில்தான் வரும். அதற்குள் வெசீனா முன்னுக்கு வந்ததை மறந்துவிடுவார்.

“இது பனிப்புகார் மாதிரிக் கிடக்கு எர்மானோ,” என்றார் ஒரு விடியற்காலையில். “ஆள் எங்கை நிக்கிறார் எண்டே தெரியேல்லை.”

பிறகு பிறம்ரன் போய்ச் சேரும்வரை அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

சோதனைக்கு வந்தவர் ஒரு இளைஞர். சுத்தமான தொப்பி, கையில் பதில் குறிக்கிற ரப்லெற் திரை. குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. மெஷின் ஓடாமல் நின்றபோதுகூட நான் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சுப்பவைசர் அவருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் வால் பக்கத்தில் வெறுந்தட்டுகளைத் துடைத்துக்கொண்டு நின்றேன். வெசீனா மெஷினுக்கு முன்னால், கைகளை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுப்பிவிட்ட பிள்ளையைப் போல நின்றார்.

பெயர், எத்தனை காலம் வேலை, எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அந்த இளைஞர் கேட்டார். வெட்டும் கத்தி இறுகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், அந்தச் சந்தர்ப்பத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எனக்குப் படிப்படியாக விளக்க முடியுமா என்பதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் அது இன்னும் நீளமாக, இன்னும் மிருதுவாக இருந்தது. எனக்கே பின்பாதியில்தான் பிடிபட்டது.

வெசீனா, “சொறி?” என்றார்.

இளைஞர் புன்னகைத்து, திரும்பவும் கேட்டார். இந்தமுறை இன்னும் பணிவு, இன்னும் நீளம். வெசீனாவின் கண்கள் அவருடைய வாயையும் மெஷினையும் மாறிமாறிப் பார்த்தன.

“சொறி. வன்ஸ் மோர்?”

மூன்றாவது முறையும் அதே பனிப்புகார். இளைஞர் சுப்பவைசரைப் பார்த்தார். நீங்கள் உங்கள் வழக்கமான முறையில் கேட்டுப் பாருங்கள் என்றார்.

இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அவன் வாயைத் திறந்தால் கெற் வரும், வெசீனாவின் கை தானாக ஓடும்.

சுப்பவைசர் தொண்டையைச் செருமினான். வெளியாளுக்கு முன்னால் அவன் வேறு ஆளாகிவிட்டான். கோயிலில் வாசகம் வாசிக்கிறவரைப் போல, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, உங்களுக்குச் சிரமமில்லை என்றால், கத்தியில் ஏதாவது தடங்கல் ஏற்படும் பட்சத்தில், என்று தொடங்கினான். நாள் முழுக்க எங்களைக் கத்தி ஏவுகிற வாய் அது. அந்த வாயிலிருந்து ஒரு கெற்கூட வரவில்லை. வெசீனா அவனைப் பார்த்த பார்வையில், இவன் யார் என்ற கேள்வி இருந்தது.

இளைஞரின் விரல் ரப்லெற்றுக்குக் கிட்டப் போனது.

வேறு மொழி பேசக்கூடாது என்பதுதான் சட்டம். நான் ஸ்பானிஷ் பேசவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுப்பவைசரின் குரலில், வானுக்குள் கத்தியதைவிட உரத்துக் கத்தினேன்.

“இற்ஸ் ஜாம்ட்! கெற் யுவர் ஹாண்ட்ஸ் அவுட்! கெற் பாக்!”

வெசீனா யோசிக்கவில்லை. உள்ளங்கையால் சிவப்புப் பொத்தானை அடித்தார். இரண்டு கையும் மேலே போயின. ஒரு எட்டுப் பின்னால் வந்தார். பக்கத்தில் நின்ற இளைஞரைப் பார்த்து, தொண்டை கிழிய, “கெற் பாக்!” என்று கத்தினார். அந்த மனிதர் ரப்லெற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். சுப்பவைசரும் பின்வாங்கினான். வெசீனா மின்சாரத்தை நிறுத்தி, பூட்டைப் போட்டு, தொடாதே என்ற சிவப்பு மட்டையைத் தொங்கவிட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“கெற் ஹோல்ட் ஒஃப் மெயின்ரனன்ஸ்!” என்று கத்தினேன்.

அவர் சுவரில் இருந்த தொலைபேசியை நோக்கி ஓடினார்.

பொதி கட்டுகிற பக்கத்தில் யாரோ கை தட்டினார்கள். உடனே நிறுத்தியும்விட்டார்கள். இளைஞர் என்னைப் பார்த்தார், பிறகு சுப்பவைசரைப் பார்த்தார்.

இங்கே இப்படித்தான் பேசுவீர்களா என்று அவர் கேட்டார். அதே மென்மையான குரல். சுப்பவைசரின் கழுத்து சிவந்தது. சில நேரங்களில் என்றான்.

பிறகு இளைஞர் சொன்னது எனக்கு நன்றாகவே விளங்கியது. மிச்சக் கேள்விகளுக்கு இந்த ஆள் இங்கே நிற்கக்கூடாது. இதுவரை நடந்ததை ஏற்பதா விடுவதா என்று முடிவில் பார்ப்பேன். சுப்பவைசர் எனக்கு வாசலைக் காட்டினான். விரல் மட்டும்தான்.

லோடிங் பக்கத்துக்குப் போனேன். அண்ணை ஃபோர்க்லிஃப்றை நிறுத்தினார்.

“என்னடாப்பா, உள்ளுக்கை ஆரோ சுப்பவைசரைக் கொல்லுறமாதிரிச் சத்தம்?”

“அது நான்தான் அண்ணை.”

நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. செபமாலை வானில் கிடந்தது. வெறுங்கையால் சிலுவை போட்டுக்கொண்டார். “அவள் பாஸ் பண்ணாட்டி?”

“தெரியாது.”

“நீ பேசாமல் நிண்டிருந்தால்?”

“அப்பவே போயிருக்கும்.”

ஒரு லொறி பின்பக்கமாக வந்து சேர்ந்தது. பாண் தட்டுகளை ஏற்றினோம். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்தேன். மெக்கானிக் ஒருவன், பிறகு குப்பை வண்டி தள்ளுகிறவன், பிறகு யாரென்று தெரியாத ஒருத்தி. என் கைகள் தட்டுகளை நேராக அடுக்கவில்லை. அண்ணை பின்னால் வந்து திருத்தி வைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபிறகுதான் வெசீனா வந்தார். தலைமயிர் வலையைக் கழற்றிக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார். முகத்தில் முடிவு தெரியவில்லை.

“நீர் போன பிறகு அந்தப் பெடியன் திரும்பவும் தொடங்கிட்டான்,” என்றார். “திரும்பவும் அதே பனிப்புகார். எனக்கு மகளின்ரை முகம்தான் தெரிஞ்சுது. இனி என்ன வந்தாலும் வரட்டும் எண்டு அவனிட்டைச் சொல்லிப்போட்டன்.”

“என்னெண்டு?”

அவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். “பிளீஸ். யூ கெற் அங்றி. தென் ஐ அண்டஸ்ராண்ட்.”

தயவுசெய்து கோபப்படுங்கள், அப்போது எனக்கு விளங்கும். இந்த வசனத்தை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சுப்பவைசர் வாயிலும் கேட்டதில்லை. எங்கிருந்தோ தானே கட்டிக்கொண்டார்.

“அவன் கோபப்பட்டானோ?”

“இல்லை. அவனுக்கு அது வராது போலை. பிறகு உந்த ரப்லெற்றைக் கீழை வைச்சிட்டு, ரெண்டு சொல்லு மூண்டு சொல்லா, நிப்பாட்டி நிப்பாட்டிக் கேட்டான். ஃபயர். வட் டூ யூ டூ? அப்பிடி. எல்லாத்துக்கும் செய்து காட்டினன். கடைசியிலை கத்தியையும் திரும்பச் செய்யச் சொன்னான், நீர் கத்தாமல்.”

“முடிவு?”

“பகல் வேலை,” என்றார். பிறகு தட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்து, அங்கேயே விம்மி அழுதார். அண்ணை தன்னுடைய தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினார்.

ஏஜென்சியிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது வீடு திரும்பும் வழியில், வான் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது. திங்கட்கிழமை அந்த இடத்துக்குப் போக வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர்கள் காரணம் சொல்வதில்லை.

நான் தமிழில் அண்ணையிடம் சொன்னேன். ஆனாலும் வெசீனாவுக்கு விளங்கிவிட்டது.

“நான் போய்ச் சுப்பவைசரோடை கதைக்கிறன்.”

“வேண்டாம் வெசீனா. நீங்கள் போய் வாயைத் திறந்தால், அவன் அந்தப் பெடியனை இன்னொருக்காக் கூப்பிடுவான். விடுங்கோ.”

“எனக்காக உம்மடை வேலை போயிட்டுது.”

“அந்த வேலை எப்பிடியும் போயிருக்கும். நான் ஓரிடத்திலை கனகாலம் நிண்டதில்லை.”

அது உண்மைதான். அவரைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. அவர் நம்பினாரோ தெரியாது. அதன்பிறகு யன்னல் பக்கம் திரும்பி இருந்துகொண்டார்.

கட்டடத்துக்கு முன்னால் வான் நின்றபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் மகள் முதுகுப்பையோடு நின்றாள். வெசீனா இறங்கிப்போய்க் கதவைத் திறந்தார். பிள்ளை கையில் இருந்த எதையோ நீட்டிக் காட்டினாள். தாய் குனிந்து, அவசரமில்லாமல் பார்த்தார். இருவரும் உள்ளே போனார்கள்.

அண்ணை வானை எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

“இனி எங்கையடா?”

“ஒஷாவாப் பக்கம் ஆள் எடுக்கினமாம், அண்ணை.”

“அங்கை சுப்பவைசர் எப்பிடிக் கத்துறானோ?”

“போய்க் கேட்டால் தெரியும்,” என்றேன். அவர் வானை எடுத்தார்.